ஆழ்வார்குறிச்சியும் திருக்குறுங்குடியும்
மோட்டார்த் தொழில் வளர்த்த இரு குடிகளின் வழிமரபு

செல்வத்தை வண்டிச் சக்கரத்தோடு ஒப்பிட்டுக் கூறுவது தமிழ்ச் சான்றோர் மரபு. நாலடியார் என்னும் நீதிநூல் தன் தொடக்கத்திலேயே இவ்வுவமையை எடுத்தாள்கிறது. சக்கரம் ஓரிடத்தில் நில்லாது உருளும். மேலிருந்த பகுதி கீழாகும், கீழிருந்தது மேலாகும். செல்வமும் ஒருவரிடத்தே தங்காது கைமாறிச் செல்லும் என்பது அதன் கருத்து. மாட்டுவண்டியைக் கண்டு சொல்லப்பட்ட இவ்வுவமை, பொறியால் ஓடும் வண்டிகளைச் செய்து பொருள் ஈட்டிய குடும்பங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்குப் பிள்ளைப்பாக்கத்தைவிடத் தக்க இடம் தமிழகத்தில் அரிது.

பிள்ளைப்பாக்கம் பழைய தொண்டை நாட்டைச் சார்ந்தது. இதன் ஒருபுறத்தே ஸ்ரீபெரும்பூதூர் உள்ளது; 1017-ஆம் ஆண்டில் இராமானுசர் அவதரித்த தலம் அது. மற்றொருபுறத்தே, சாலைவழி செல்வார்க்கு எட்டும் தொலைவில், குன்றத்தூர் உள்ளது. திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமானின் பிறந்த ஊர் அது. ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த இப்பகுதி, கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வேறு கோலம் பூண்டுவிட்டது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் கார் செய்யத் தொடங்கியது. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், 2012-ஆம் ஆண்டில் டெய்ம்லர் லாரி ஆலையும் இயங்கத் தொடங்கின. சிப்காட் தொழிற்பேட்டைகள் ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் எனப் பெருகின. ஏர் ஓடிய நிலத்தில் இன்று உருக்குலையும் இயந்திரமும் ஓசை எழுப்புகின்றன.

இவ்வாலைகளைக் காணும் முதியோர் சிலர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. அயல்நாட்டார் வருவதற்கு முன்பே சென்னையிலும் மதுரையிலும் மோட்டார்த் தொழிலை நாட்டிய குடும்பங்கள் இருந்தனவே, அவற்றின் வழிவந்தோர் என்ன ஆயினர்? முன்னோர் ஈட்டியதை அவர்கள் காத்தனரா, கரைத்தனரா? அப்பொருள் எவ்வழியிற் சென்றது? திருப்பணிக்குப் பொருள் வழங்கும் உபயதாரர்களுக்கும் இவ்வினா புறம்பானதன்று. தமக்குப் பின் தம் பொருளும் பெயரும் என்னாகும் என எண்ணாத செல்வர் ஒருவரும் இலர்.

முதல் வண்டியும் ஆழ்வார்குறிச்சிப் பெருமகனும்

சென்னையில் 1840-ஆம் ஆண்டில் சிம்சன் என்னும் ஆங்கிலேயர் குதிரை வண்டி கட்டும் தொழிலைத் தொடங்கினார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பார் 1903-ஆம் ஆண்டில் நீராவியால் இயங்கும் கார் ஒன்றைச் செய்து சென்னைத் தெருக்களில் ஓட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் அது என்பர். குதிரை வண்டி கட்டிய கைகளே பின்னர் பஸ்களுக்கு உடல் கட்டும் கைகளாயின.

ஆங்கிலேயர் கையில் இருந்த இந்நிறுவனத்திற்கு 1930களில் ஒரு தமிழர் வந்து சேர்ந்தார். அவர் திருநெல்வேலிச் சீமையின் ஆழ்வார்குறிச்சியிற் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன். இந்தியர் எளிதில் எய்தற்கியலாத இயக்குநர் நிலையை அடைந்து, காலப்போக்கில் அந்நிறுவனத்தையே தம் பொறுப்பில் கொண்டார். 1938-ஆம் ஆண்டில் அமால்கமேஷன்ஸ் என்னும் தாய் நிறுவனம் அமைந்தது. அதன் குடைக்கீழ் அடிசன் நிறுவனம், ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலை, மெயில் பத்திரிகை எனப் பலவும் வந்து சேர்ந்தன. 1949-ஆம் ஆண்டில் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியது. செம்பியத்தில் டீசல் எஞ்சின் செய்யும் ஆலை வளர்ந்தது. 1960-ஆம் ஆண்டில் மாசி பெர்கூசன் நிறுவனத்தின் துணையோடு டிராக்டர் செய்யும் டாபே நிறுவனம் பிறந்தது. கரிய மண்ணை உழுதற்கும் நெடுஞ்சாலையில் ஓடுதற்கும் வேண்டிய பொறிகள் இங்ஙனம் ஒரே குடும்பத்தின் கண்காணிப்பில் உருவாயின. அனந்தராமகிருஷ்ணன் 1964-ஆம் ஆண்டில், அறுபது வயதும் நிறையாத நிலையில், இறைவன் அடி சேர்ந்தார்.

ஆழ்வார்குறிச்சிக்கு அணித்தாக, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், கடனாநதிக் கரையில் சிவசைலம் என்னும் திருத்தலம் உள்ளது. இறைவன் சிவசைலநாதர்; இறைவி பரமகல்யாணி. பங்குனித் திருவிழாவில் அம்மையும் அப்பனும் ஆழ்வார்குறிச்சிக்கு எழுந்தருளித் தேர் ஏறுதல் வழக்கம். இவ்வூரிற் பிறந்து தலைநகரில் பெருஞ்செல்வரான அனந்தராமகிருஷ்ணன் தம் மகனுக்குச் சிவசைலம் என்றே பெயரிட்டார். ஊரில் அவர் தோற்றுவித்த கல்லூரி இறைவியின் பெயரால் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி என வழங்குகிறது. வாழ்வு தந்த ஊரை மறவாமை செல்வர்க்குரிய முதற் பண்பு. அதனை அவர் சொல்லாற் காட்டாது மகன் பெயராலும் கல்விச்சாலையாலும் காட்டினார்.

திருக்குறுங்குடியிலிருந்து மதுரைக்கு

அதே நெல்லைச் சீமையின் தென்பகுதியில் மகேந்திரகிரிச் சாரலில் உள்ள திருக்குறுங்குடி, வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. அங்கே 1877-ஆம் ஆண்டில் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். சட்டம் பயின்றும், இரயில்வேயிலும் வங்கியிலும் பணிபுரிந்தும் அமைதி பெறாத அவர், 1911-ஆம் ஆண்டில் மதுரையில் தம் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே பஸ் ஓட்டும் தொழிலில் இறங்கினார். மாட்டுவண்டியன்றி வேறு ஊர்தி அறியாத மக்களுக்கு, குறித்த நேரத்திற் புறப்பட்டுக் குறித்த நேரத்திற் சேரும் வண்டி புதுமையாயிற்று. டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்து நேரந்தவறாமைக்கு மறுபெயராக மக்கள் நாவில் வழங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைத்தற்கரிதாகவே, மரக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியைச் செய்து அவர் நிறுவனம் வழங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் உரிமையும் அவரிடம் இருந்தது.

விற்பனையிலிருந்து உற்பத்திக்கு இக்குடும்பம் திரும்பியதற்கு நாட்டின் கொள்கை மாற்றமே பெருங்காரணம். 1953-ஆம் ஆண்டில் சுங்கவரி ஆணையம், வெளிநாட்டு உறுப்புகளைக் கொணர்ந்து இங்குப் பூட்டி விற்பது போதாது, வண்டிகளை இந்நாட்டிலேயே செய்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் இந்நாட்டில் வண்டி பூட்டும் பணியை நிறுத்திக்கொண்டன. விற்க வண்டி குறைந்த நிலையில், வண்டிக்கு வேண்டும் உறுப்புகளை இங்கே செய்தலே வழி என்பதைச் சுந்தரம் ஐயங்காரின் மக்கள் உணர்ந்தனர். 1955-ஆம் ஆண்டில் தந்தையார் கொடைக்கானலில் மறைந்தார். பொறுப்பு முன்னரே மக்கள்பால் வந்துவிட்டது. அவருள் சந்தானம் 1954-ஆம் ஆண்டில் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். ஒரே லாரியை நம்பி வாழும் சிறு தொழிலாளர்க்கு வங்கி கடன் தராத காலத்தில், தவணை முறையில் வண்டி வாங்க உதவிய நிறுவனம் அது. 1960 முதல் 1962 வரையுள்ள மூன்றாண்டுகளில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி. வி. எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் பாசனர்ஸ் ஆகியவை அடுத்தடுத்துத் தோன்றின. இவற்றுட் பல ஞானசம்பந்தப் பெருமான் பாடிய திருவலிதாயமாகிய பாடியில் அமைந்தன. சக்கரம், தடை, மின்கருவி, திருகாணி என வண்டியின் உறுப்புகளைச் சகோதரர்கள் பங்கிட்டுக்கொண்டு செய்ததுபோல் அது தோன்றும்.

கணக்கில் எழுதப்படாத வாரிசு

வழிமரபு என்ற அளவில் ஆண்மக்களை மட்டும் எண்ணுதல் உலக வழக்கு. சுந்தரம் ஐயங்காரின் மரபைப் பேசுவோர் சௌந்தரம் அம்மையாரை மறந்தால் அவ்வரலாறு குறைபாடுடையதாகும்.

1904-ஆம் ஆண்டிற் பிறந்த அவ்வம்மையாருக்கு இளம் பருவத்திலேயே மணம் நிகழ்ந்தது. கணவர் மருத்துவர். 1925-ஆம் ஆண்டில் பிளேக் நோய் அவர் உயிரைக் கவர்ந்தது. அந்நாளைய வழக்கப்படி வீட்டின் ஒரு மூலையில் முடங்கியிருக்க வேண்டிய பெண்மணி, பெற்றோரின் ஆதரவோடு கல்வியை மேற்கொண்டார். தில்லி சென்று லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1936-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே சுசீலா நய்யாரின் நட்பு வாய்த்தது. அந்நட்பு காந்தியடிகளிடம் சேர்ப்பித்தது. 1940-ஆம் ஆண்டில், காந்தியடிகளின் ஆசியோடு, ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ஆசாரம் மிக்க குடும்பத்திற் பிறந்த ஒரு விதவை, குலமும் மொழியும் வேறான ஒருவரை மணந்தது அந்நாளில் எளிய செய்தியன்று.

1947-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிப் பகுதியில் இவ்விருவரும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். தாய்சேய் மருத்துவம், ஆதாரக் கல்வி, கைத்தொழில் என அது விரிந்தது. கஸ்தூரிபா மருத்துவமனை எழுந்தது. 1956-ஆம் ஆண்டில் கிராமியக் கல்வி நிலையம் அமைந்து, 1976-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அம்மையார் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மத்தியக் கல்வித்துறைத் துணையமைச்சராகவும் பணிபுரிந்தார். 1984-ஆம் ஆண்டில் மறைந்தார்.

சைவ மரபறிந்தார்க்குத் திலகவதியார் வரலாறு இங்கு நினைவுக்கு வரும். மணம் பேசப்பட்ட தலைவன் போரில் மடிந்தமை கேட்டு உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியின் பொருட்டு உயிர்தாங்கித் திருவதிகையில் அலகிடலும் மெழுகலும் ஆகிய தொண்டை மேற்கொண்டார். வாழ்ந்த முறை வேறாயினும், இழப்பைத் தொண்டாக மாற்றிய உறுதி இருவர்க்கும் பொது. தந்தையின் பஸ்கள் இன்று அவர் பெயரால் ஓடவில்லை. மகள் கட்டிய மருத்துவமனையில் இன்றும் குழந்தைகள் பிறக்கின்றன. சுந்தரம் ஐயங்காரின் வாரிசு யாவர் என்பதற்கு இவ்வுண்மையும் ஒரு விடையாகும்.

பெயர் நின்று குடி நீங்கியவை

எல்லாக் குடும்பங்களுக்கும் இவ்வண்ணம் வாய்க்கவில்லை. வாய்க்காதவற்றையும் கூறினாலன்றி வரலாறு நேர்மையுடையதாகாது.

விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட இரகுநந்தன் சரண் என்பார் 1948-ஆம் ஆண்டில் தம் மகன் அசோக்கின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்கலானார். அவர் விமான விபத்தில் உயிர் நீத்தார். 1955-ஆம் ஆண்டில் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து அது அசோக் லேலண்ட் ஆயிற்று. 1987-ஆம் ஆண்டில் இந்துஜா குடும்பத்தின் பொறுப்பிற்கு வந்தது. இன்று நாடெங்கும் ஓடும் பஸ்களின் முகப்பில் அம்மகனின் பெயர் உள்ளது. அது ஒரு தந்தை தன் மைந்தனுக்குச் சூட்டிய பெயர் என்பதை அறிந்தோர் சிலரே.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் யூனியன் கம்பெனியார் ஆங்கிலேய ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் துணையோடு கார் செய்தனர். 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நடுத்தரக் குடும்பங்களின் கனவாக இருந்தது. மூலநிறுவனம் இங்கிலாந்தில் தளர்ந்தது. இங்கோ புதிய வடிவம் காணப் பொருள் போதவில்லை. 1985-ஆம் ஆண்டில் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் கார், மாருதியின் சிறு கார்களுக்கு எதிரே நிற்க இயலாது போயிற்று. 1988-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. அதனை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் அடைந்த துயர் பெரிது. முதலாளியின் வழிமரபைப் பேசுங்கால் அத்தொழிலாளர் வழிமரபையும் எண்ணுதல் அறம்.

திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டு முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுறவில் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டன. 1990களில் அந்நிறுவனம் ஐச்சர் குழுமத்தின் வசமாயிற்று. புதிய பொறுப்பாளர் கையில் அது புத்துயிர் பெற்று, 2013-ஆம் ஆண்டில் ஒரகடத்திலும், பின்னர் வல்லம் வடகாலிலும் ஆலைகள் நிறுவியது. ஆகவே பிள்ளைப்பாக்கத்தைச் சூழ்ந்த ஆலைகளுள், தொடங்கியோர் கைவிட்டு நீங்கியும் தொழில் மட்டும் தழைத்த ஒன்றும் உண்டு என்க.

அதே திருவொற்றியூரில் வாழ்ந்தவர் கலிய நாயனார். செக்குத் தொழிலால் பெருஞ்செல்வராய் விளங்கித் திருக்கோயிலில் விளக்கெரித்த அவரது செல்வம் முற்றும் அழிந்தது. அவரோ கூலிக்குச் செக்காட்டியேனும் திருவிளக்கைக் காத்தார். அதற்கும் வழியற்றபோது தம் உயிரையே எண்ணெயாக்கத் துணிந்தார். செல்வம் அழிதல் ஒருவர்க்கு இழிவன்று. மேற்கொண்ட அறம் அழிதலே இழிவு என்பதைச் சேக்கிழார் இவ்வரலாற்றால் உணர்த்துகிறார். தொழிலில் தோற்ற குடும்பங்களை ஏளனஞ் செய்வோர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

பிரிவும் பொருத்தமும்

மீண்டும் ஆழ்வார்குறிச்சிக் குடிக்கு வருவோம். தந்தை மறைந்தபோது சிவசைலத்திற்கு வயது முப்பது. தம்பி கிருஷ்ணமூர்த்தியோடு அவர் பொறுப்பேற்றார். 1970களின் தொடக்கத்தில் சிம்சன் ஆலையில் தொழிற்சங்கப் பூசல் மூண்டது. 1981-ஆம் ஆண்டில் மெயில் பத்திரிகை நின்றது. இவ்விடர்களுக்கிடையே டிராக்டர்த் தொழிலை அவர் வளர்த்தார். 2011-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்கு ஆண்மக்கள் இலர், மகளிர் இருவர். அவருள் மல்லிகா, அமெரிக்காவில் வணிக மேலாண்மை பயின்று, 1986-ஆம் ஆண்டில் டாபேயிற் சேர்ந்தார். உழவர்க்குரிய டிராக்டர்த் தொழிலைப் பெண் நடத்துவதா என ஐயுற்றோர் அந்நாளில் பலர். 2005-ஆம் ஆண்டில் ஐச்சர் குழுமத்தின் டிராக்டர்ப் பிரிவையும் டாபே வாங்கியது. உலகில் டிராக்டர் செய்யும் பெரு நிறுவனங்களுள் ஒன்றாக அவர் காலத்தில் அது உயர்ந்தது. 2014-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. மாசி பெர்கூசன் பெயர் பற்றி அயல்நாட்டுக் கூட்டாளியோடு எழுந்த வழக்கு 2025-ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்து, அப்பெயரை இந்தியாவில் வழங்கும் உரிமை டாபேயின்பால் நிலைபெற்றது.

திருக்குறுங்குடிக் குடியின் நிலை வேறு. சுந்தரம் ஐயங்காரின் மக்களான இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய நால்வர் வழியில் அது நான்கு கிளைகளாயிற்று. தாய் நிறுவனத்தின் பங்குகள் யாவர்க்கும் பொதுவாக இருந்தன; ஆலைகளை மட்டும் அவரவர் தனித்தனியே நடத்தினர். நடத்துவோர் ஒருவர், உடைமை பலர் என்னும் இந்நிலை தலைமுறை பெருகப்பெருகச் சிக்கலை விளைப்பது உறுதி. உறவினர் எண்ணிக்கை கூடும். முன்னோரைக் கண்டறியாத இளையோர் பங்காளராவர். ஒரு சொல் பிழைத்தால் வழக்கு மன்றம் ஏறும். இதனை முன்னறிந்து, 2020-ஆம் ஆண்டில் குடும்பத்தார் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டனர். அவரவர் நடத்தும் தொழிலின் உடைமை அவரவர்க்கே ஆகுக என்பது அதன் சாரம். நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2022-ஆம் ஆண்டில் அது நிறைவேறியது. இராஜம் வழியினர்க்கு வண்டி விற்பனை, சரக்குப் போக்குவரத்து, டயர் ஆகியவையும். சந்தானம் வழியினர்க்கு நிதி, சக்கரம், தடை ஆகியவையும். சீனிவாசன் வழியினர்க்கு இருசக்கர வண்டி முதலியவையும். கிருஷ்ணா வழியினர்க்குத் திருகாணி, மின்கருவி ஆகியவையும் அமைந்தன. நூற்றுப்பத்து ஆண்டு ஒன்றாயிருந்த குடும்பம் பிரிந்ததே என வருந்தினோரும் உளர். மனம் முறிந்து பிரிவதினும் மனமொத்துப் பிரிதல் நன்று. பாகப்பிரிவினையால் பகைகொண்டு கோயில் முறையையும் கைவிட்ட குடும்பங்களைக் கண்டறிந்த ஊரார்க்கு இதன் அருமை விளங்கும்.

சீனிவாசனின் மகன் வேணு சீனிவாசன் காலத்தில் ஓசூரில் மொபெட் ஆலை எழுந்தது. 1980-ஆம் ஆண்டில் வெளிவந்த டி. வி. எஸ். 50, பால்காரர் முதல் ஆசிரியர் வரை எளியோர்க்கு ஊர்தியாயிற்று. 1982-ஆம் ஆண்டில் ஜப்பானிய சுசுகி நிறுவனத்தோடு தொடங்கிய கூட்டு 2001-ஆம் ஆண்டில் முடிவுற்றது, தமித்து நிற்க இயலுமா என்ற ஐயம் எழுந்தது, நின்றது. தரத்திற்குரிய டெமிங் பரிசு 1998-ஆம் ஆண்டில் சுந்தரம் கிளேட்டனுக்கும், 2002-ஆம் ஆண்டில் டி. வி. எஸ். மோட்டார் நிறுவனத்திற்கும் கிடைத்தது. முன்னோர் தொழில் அனைத்தையும் இறுகப் பற்றிக்கொண்டிருந்தனர் என்பதும் இல்லை. காற்றுத்தடை செய்யும் பகுதி 2008-ஆம் ஆண்டில் தனியே பிரிக்கப்பட்டு அயல்நாட்டுக் கூட்டாளியிடம் சென்றது. மாறாக, 2020-ஆம் ஆண்டில் நார்ட்டன் என்னும் பழம்பெரும் ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை இக்குடும்பத்தார் விலைக்கு வாங்கினர். ஆங்கிலேயர் சென்னையில் கடை வைத்த காலமும், சென்னையார் இங்கிலாந்தில் ஆலை வாங்கிய காலமும் ஒரே சக்கரத்தின் இரு புறங்கள் போலும்.

மல்லிகாவின் கணவர் இவ்வேணு சீனிவாசனே. சிவசைலநாதரின் அடியார் குடியும் திருக்குறுங்குடி நம்பியின் அடியார் குடியும் இங்ஙனம் மணவுறவால் ஒன்றாயின. இவர்தம் மக்கள் லட்சுமி, சுதர்சன் ஆகிய இருவரும் அனந்தராமகிருஷ்ணனுக்கும் சுந்தரம் ஐயங்காருக்கும் ஒருங்கே கொள்ளுப்பேரர் முறையினர். சுதர்சன் 2025-ஆம் ஆண்டில் டி. வி. எஸ். மோட்டார் நிறுவனத்தின் தலைவரானார். லட்சுமி சுந்தரம் கிளேட்டனை நடத்துவதோடு டாபேயின் துணைத்தலைவர் பொறுப்பும் ஏற்றார். உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்து வண்டியுறுப்புகள் செய்யும் சுந்தரம் கிளேட்டன் ஆலைகளுள் ஒன்று ஒரகடத்தில் உள்ளது. வீல்ஸ் இந்தியாவுக்கு ஸ்ரீபெரும்பூதூரில் ஆலை உண்டு. கிருஷ்ணா கிளையிலும், சுரேஷ் கிருஷ்ணாவின் மகளார் ஆரதி கிருஷ்ணா சுந்தரம் பாசனர்ஸின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றுள்ளார். அந்தப் பழங்குடும்பங்களின் வழிவந்தோர் எங்கே என வினவுவார்க்கு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து சிறிது தொலைவிலேயே அவர்தம் உலைகள் எரிகின்றன என்பது விடை.

திருப்பணியில் திரும்பிய செல்வம்

தொழிலின் வழிமரபு இது. அறத்தின் வழிமரபும் காணத்தக்கது. திருக்குறுங்குடி நம்பி கோயில் சிதைவுற்ற நிலையில் இருந்தபோது, அவ்வூரை விட்டுச் சென்றவரின் பேரர் வேணு சீனிவாசன் அதன் திருப்பணியை மேற்கொண்டார். தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதிகளும் அவர் உதவியாற் புதுக்கப்பெற்றன. திருவரங்கம் பெரிய கோயிலின் அறங்காவலர் குழுத் தலைவராக அவர் இருந்த காலத்தில் 2015-ஆம் ஆண்டில் அங்கே சம்ப்ரோக்ஷணம் நிகழ்ந்தது. பிற்காலத்தார் சேர்த்த பொருந்தாக் கட்டுமானங்களை நீக்கிப் பழைய நீர்வடிகால்களையும் மண்டபங்களையும் மீட்ட அப்பணிக்கு, 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது வழங்கப்பெற்றது. திருப்பணி என்பது புதிதாகப் பூசுதலும் வண்ணந் தீட்டுதலும் மட்டுமன்று. மறைந்ததை வெளிப்படுத்தலும் பொருந்தாததை அகற்றலும் ஆகும் என்பதை அவ்விருது உலகறியச் செய்தது. குடமுழுக்குக் காணும் ஊர்கள்தோறும் உபயதாரர் அறிய வேண்டிய செய்தி இது.

ஆழ்வார்குறிச்சியிலோ பரமகல்யாணியின் பெயர் தாங்கிய கல்லூரி தலைமுறை தலைமுறையாக உழவர் மக்களுக்கும் பீடித் தொழிலாளர் மக்களுக்கும் பட்டம் அளித்து வருகிறது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையமும் அவ்வம்மையின் பெயராலேயே அங்கு விளங்குகிறது. அங்குப் பயின்றோருட் சிலர் இத்தொழிற்பேட்டைகளில் பணிபுரிதலும் கூடும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். பொருளை மட்டும் விட்டுச் சென்ற குடும்பங்களினும், கல்வியையும் உழைப்பையும் பிள்ளைகளுக்குப் பழக்கிய குடும்பங்கள் நெடிது நின்றன. கூடி வாழ்தலைப் போலவே முறையறிந்து பிரிதலும் ஒரு குடியைக் காக்கும். மூன்றாவதாக, மகளிரை வாரிசு என எண்ணிய இடத்தில் மரபு அறாது தொடர்ந்தது; எண்ணாதவிடத்தும் சௌந்தரம் அம்மையார்போல்வார் தாமே ஒரு மரபைத் தோற்றுவித்தனர். ஆண்மகவு இல்லையே எனக் கோயில்தோறும் வேண்டி நிற்கும் அன்பர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இத்தனையும் கூறிய பின்னும் சக்கரம் நின்றுவிட்டது எனக் கொள்ளற்க. பெட்ரோல் எஞ்சினைப் போக்கி மின்னால் ஓடும் வண்டிகள் வருகின்றன. பிஸ்டன் செய்தோரும் உலோகம் வார்ப்போரும் தம் தொழிலை மாற்றியமைக்க வேண்டிய காலம் இது. இன்று ஓங்கி நிற்கும் குடி நாளை எவ்வாறிருக்கும் என்பதைத் திருவருளன்றி வேறெதுவும் அறியாது.

குன்றத்தூர்ச் சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சராக இருந்தவர். அவருக்கிருந்த நிலமும் பொருளும் எவர் கைக்குச் சென்றன என இன்று வினவுவார் இலர். அவர் எடுப்பித்த திருநாகேச்சுரமும் அவர் பாடிய திருத்தொண்டர் புராணமும் நிற்கின்றன. அப்புராணத்தில் அடியார்களின் செல்வம் எவ்வளவு என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. அது எவ்வழியிற் சென்றது என்பதே பேசப்படுகிறது. இத்திருக்கோயிற் குடமுழுக்கிற்குப் பொன்னும் பொருளும் உழைப்பும் வழங்கிய அன்பர்களின் செல்வமும் அத்தகு நல்வழியிற் சென்றது. அவர்தம் மக்களும் மக்களின் மக்களும், ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, ஈட்டலும் காத்தலும் வகுத்தலும் வல்லராய், தொண்டில் தளராதவராய் வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.